வீட்டுக் கணக்கை நன்றாக நடத்துகிறோமா? எதை வைத்துச் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு வரவு செலவை நானும் மனைவியும் சேர்ந்துதான் பார்க்கிறோம். மாதக் கடைசியில் கையைக் கடிப்பதில்லை, கடன் தவணை எதுவும் தவறியதில்லை. ஆனால் நன்றாக நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ள அது மட்டும் போதுமா? இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம்.

அவர் பிடித்திருப்பது 50-30-20 கணக்கு. கைக்கு வரும் சம்பளத்தில் 50 சதவீதம் அவசியச் செலவு, 30 விருப்பச் செலவு, மீதி 20 சேமிப்புக்கும் கூடுதலாகக் கடன் அடைக்கவும். கேட்க நன்றாக இருக்கிறது. வீட்டுக் கடன் தவணையே சம்பளத்தில் பாதியை விழுங்கும்போது இது எப்படிப் பொருந்தும்? எது அவசியம், எது விருப்பம் என்ற பஞ்சாயத்து வேறு. இணைய இணைப்பை எந்தப் பக்கம் எழுதுவது என்றே இன்னும் முடிவாகவில்லை!

என் கட்சி வேறு. வருமானம் நின்றால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்போம் என்று பார்க்க வேண்டும். 3 முதல் 6 மாதச் செலவு கையில் இருக்கட்டும் என்பார்கள். அப்புறம் நிகர மதிப்பு, அதாவது இருப்பதையெல்லாம் கூட்டிக் கடனைக் கழித்தால் மிஞ்சுவது. வருடத்துக்கு ஒருமுறை அது ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். சரி, இதிலும் ஓட்டை உண்டு. குடியிருக்கும் வீட்டின் விலை ஏறினாலே எண் பெருத்துவிடும். அதில் நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

நீங்கள் எதை வைத்து மதிப்பிடுகிறீர்கள்? நிகர மதிப்பில் சொந்த வீட்டைச் சேர்ப்பீர்களா? வருமானம் மாதாமாதம் மாறுபவர்கள் சதவீதத்தை எந்தத் தொகையின் மேல் போடுகிறீர்கள்? மனைவியும் இதைப் படிப்பார். ‘இரண்டும் சரி’ என்று மட்டும் நழுவிவிடாதீர்கள்.