கடினமான கிணற்றுத் தண்ணீரை மென்மையாக்க எந்த சாஃப்ட்னர் வாங்குவது?

சிப்புட் செல்வி:
வணக்கம். மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து நிலத்தில் எங்கள் வீடு. குழாய்த் தண்ணீர் இன்னும் எங்கள் லோரோங்குக்கு வரவில்லை, கிணறுதான். கெத்தலில் வெள்ளைப் படிவு, சவர்க்காரம் நுரைப்பதே இல்லை. ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் செம்மண் நிறத்தில் வண்டல்.

தண்ணீரை ஆய்வுக்குக் கொடுத்தோம். லிட்டருக்குக் கடினத்தன்மை (கரைந்திருக்கும் சுண்ணாம்பு வகை) 260 மில்லிகிராம், இரும்பு 1.2 மில்லிகிராம். வீட்டில் ஆறு பேர். பம்பு நேராக ஸ்டாண்டு மேல் இருக்கும் தங்கிக்கு ஏற்றும். விற்க வந்தவர் பளபளவென்று ஓர் எஃகு உருளையைக் காட்டி, "உப்பே போட வேண்டாம் அக்கா, இது ஒன்றே போதும்" என்கிறார். வாங்கலாமா? அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு, அதையும் பார்க்க வேண்டும்.

பம்பு வீட்டுக்காரன்:
அக்கா, ஆய்வு எடுத்துவிட்டுக் கேட்கிறீர்களே, ரொம்ப சந்தோஷம். தோட்டத்து பம்பு வீட்டில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த உருளைக்கு இப்போது பணம் கொடுத்துவிடாதீர்கள். அவர் காட்டியது மணல் ஃபில்டராகத்தான் இருக்கும். கலங்கலைப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஈப்போவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சுண்ணாம்புக்கல் மலை, அதன் வழியாக ஊறி வரும் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும்.

சாஃப்ட்னருக்குள் ரவை மாதிரி சின்னச் சின்ன ரெசின் மணிகள் இருக்கும். அவை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பழையபடி வேலை செய்யும்.

ஆனால் உங்கள் வீட்டில் முதல் எதிரி இரும்பு. குடிநீருக்கு 0.3தான் அளவு, உங்களுடையது அதைப்போல நான்கு மடங்கு. கிணற்றில் இருக்கும்போது இரும்பு கரைந்து கிடப்பதால் தண்ணீர் தெளிவாகத் தெரியும், காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். உங்கள் வாளியில் நடப்பது அதுதான். இதே தண்ணீரை நேராக சாஃப்ட்னருக்குள் விட்டால் ரெசின்மேல் துரு ஏறி, பத்து வருஷம் உழைக்க வேண்டியது சீக்கிரமே செத்துவிடும்.

அதனால் பம்பு கொண்டுவரும் தண்ணீரைக் கீழே ஒரு தங்கியில் ஷவர் மாதிரி தூவிவிடுங்கள். காற்றோடு கலந்து துரு அடியில் தங்கட்டும். அப்புறம் இரண்டாவது பம்பு, மணல் ஃபில்டர், சாஃப்ட்னர், கடைசியில் மேல் தங்கி. மணல் ஃபில்டரை வாரா வாரம் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் தலைகீழாக விட்டு அழுக்கை வெளியே தள்ளுங்கள். ஃபில்டர் தாண்டி வரும் தண்ணீரில் இரும்பு 0.3க்குக் கீழே இறங்கியதா என்று சோதித்துவிட்டே சாஃப்ட்னரை மாட்டுங்கள். இறங்கவில்லை என்றால் இரும்பைப் பிடிப்பதற்கென்றே உள்ள வடிகட்டும் மணிகளை (மீடியா) ஃபில்டரில் போட வேண்டியிருக்கும்.

அளவுக்கு வருவோம். ஆளுக்கு 200 லிட்டர் என்றால் நாளைக்கு 1,200 லிட்டர், அதில் சுமார் 312 கிராம் கடினத்தன்மை. 25 லிட்டர் ரெசின் இருந்தால், ஒரு தடவைக்கு 3 கிலோ உப்புப் போட்டு நான்கு நாள் ஓட்டலாம். மாதத்துக்கு 25 கிலோ மூட்டை ஒன்று. இதைவிடச் சின்னது வேண்டாம்.

கழுவும் வேலையை நடத்தும் வால்வு, ஓடிய தண்ணீரை அளந்து கழுவும் மீட்டர் வைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். டைமர் மட்டும் உள்ளது கரண்ட் போனால் மணி தவறி, ராத்திரி கழுவ வேண்டியதைக் காலையில் எல்லாரும் குளிக்கும் நேரத்தில் கழுவும்.

மல்லிகைத் தோட்டம்:
தம்பி சொன்னது சரி. உப்பைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். நம் ஊர் ஈரக் காற்றுக்கு உப்புத் தொட்டியை வாய்வரை நிரப்பாதே செல்வி, பாதி போதும். மேலே கெட்டியாகப் பாளம் கட்டிவிடும், அடியில் வெறும் தண்ணீர் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் உப்பு நிறைய இருப்பது போலவே தெரியும், கெத்தலில் மட்டும் படிவு திரும்ப வந்துவிடும். மாதம் ஒருமுறை துடைப்பக் கட்டையால் மெதுவாகக் குத்திப் பார். மாத்திரை உப்பே வாங்கு. மண் கலந்த கல் உப்பு போட்டால் தொட்டி அடியில் சேறு சேரும்.

கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் சாஃப்ட்னர் தண்ணீர் ஆகாது, சோடியம் ஏறி இலை கருகும். வெளிக்குழாயை சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடு. அம்மாவுக்கும் அதே வழிதான். சமையலறையில் சாஃப்ட்னர் படாத குழாய் ஒன்று வை.

சிப்புட் செல்வி:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி அக்கா. ஒரு சந்தேகம். மேல் தங்கிக்குப் பிறகு சாஃப்ட்னரை வைத்தால் இரண்டாவது பம்பு மிச்சமாகுமே?

பம்பு வீட்டுக்காரன்:
ஆகாது அக்கா. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். வீட்டு ஸ்டாண்டு அதில் பாதிகூட இருக்காது, ரெசினைக் கழுவ அது பத்தாது. பம்புக்கு வெறும் மிதவை சுவிட்ச் மட்டும் போடுகிறார்களா என்று நின்று பாருங்கள். மேல் தங்கி நிரம்பியிருந்தால் பம்பு ஓடாது, கழுவும் நேரத்தில் தண்ணீர் இருக்காது. தங்கி வாயில் மிதவை வால்வு, பம்பில் பிரஷர் சுவிட்ச் (குழாயில் அழுத்தம் இறங்கினால் பம்பை ஓட்டுவது) என்று கேளுங்கள்.

அம்மா விஷயத்தில் அக்கா சொன்னது முக்கியம். 260 கடினத்தன்மையை எடுத்தால் லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் சோடியம் கூடும். சமையலறைக் குழாயை மணல் ஃபில்டருக்கு அடுத்து, சாஃப்ட்னருக்கு முன்னால் எடுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போடும் நாளில் தண்ணீர் சாஃப்ட்னருக்குள் போகாமல் பைபாஸில் போட மறக்காதீர்கள், குளோரின் ரெசினைத் தின்றுவிடும். கிருமியை இந்த இரண்டு மெஷினும் கொல்லாது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், மழைக்குப் பிறகு கிணறு கலங்கினால் கிருமிச் சோதனைக்கும் கொடுங்கள்.