வசந்தகாலக் காய்கறிகளுடன் ஆட்டிறைச்சி ஸ்டூ: கறி வேகும் நேரத்துக்குள் காய் குழைந்துவிடுகிறது, என்ன செய்வது?

புதுச்சட்டி எழுதியது:

வணக்கம். பிரெஞ்சுச் சமையலில் 'நவாரின்' என்று சொல்லப்படும் ஸ்டூவை, அதாவது ஆட்டுக்குட்டி இறைச்சியை இளங்கேரட், டர்னிப், புது உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், பச்சைப் பட்டாணி, பீன்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து வேகவைக்கும் அந்த உணவை, இதுவரை இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் சரியாக வரவில்லை. தவறியதும் ஒரே மாதிரியாகத் தவறவில்லை என்பதுதான் குழப்பமாக இருக்கிறது.

முதல் முறை, எலும்பு நீக்கிய தொடைக்கறி ஒரு கிலோ எடுத்து, லேசாக வதக்கி, காய்கள் அனைத்தையும் தொடக்கத்திலேயே போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு ஒன்றரை மணி நேரம் வேகவைத்தேன். கறி நார்நாராகப் பிரிந்தது, ஆனால் வாயில் போட்டால் வறண்டிருந்தது. டர்னிப் இருந்த இடமே தெரியவில்லை. பட்டாணி பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு நிறத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் முறை எச்சரிக்கையாக இருக்க எண்ணி, தீயை மிகவும் குறைத்து, கொதி தெரியாத அளவில் கறியை வேகவைத்து, காய்களைக் கடைசி இருபது நிமிடத்தில் சேர்த்தேன். கறி முன்பைவிட நன்றாக இருந்தது. ஆனால் உருளைக்கிழங்கும் கேரட்டும் வேகவே இல்லை. மேலும் நாற்பது நிமிடம் விட்டும் கிழங்கின் நடுப்பகுதி கத்திக்கு எதிர்ப்புக் காட்டியது. இந்த முறை அரை கிலோ தக்காளியும் ஒரு குவளை வெள்ளை ஒயினும் சேர்த்திருந்தேன். சாறு இரண்டு முறையும் தண்ணீராகவே நின்றது, மேலே கொழுப்பும் மிதந்தது.

கறியில் எந்தப் பகுதியை வாங்க வேண்டும், காய்களை எப்போது சேர்க்க வேண்டும், கிழங்கு ஏன் அடம் பிடித்தது, சாறு எப்படிக் கெட்டிப்படும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மெல்லத்தீ எழுதியது:

வணக்கம். உங்கள் முதல் தவறு அடுப்பில் நடக்கவில்லை, கறி வாங்கும்போதே நடந்துவிட்டது. தொடைக்கறி கொழுப்பு குறைந்தது, இணைப்புத்திசுவும் அதில் குறைவு. அதை ஓவனில் சுட்டு, நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துச் சாப்பிடலாம். ஸ்டூவுக்கு வேண்டியவை தோள்பட்டை, கழுத்து, நெஞ்சு ஆகிய பகுதிகள். ஆடு உயிரோடு இருந்தபோது அதிகம் உழைத்த தசைகள் என்பதால் தோளிலும் கழுத்திலும் கொலாஜன் என்னும் புரதம் நிறைந்திருக்கும். எந்தக் கறியாக இருந்தாலும் 60 பாகை செல்சியசைத் தாண்டியதும் தசைநார்கள் சுருங்கித் தம்முள் இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகின்றன. நீண்ட நேரம் வேகும் கறி அந்த வகையில் வறண்டுதான் போகும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் 70 பாகைக்கு மேல் கொலாஜன் விரைவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறி, அந்த நார்களின் இடையே வழுவழுப்பாகப் படர்ந்துவிடுவதால், வறண்ட கறிகூட நாக்குக்குச் சாறுள்ளதாகத் தோன்றுகிறது. தொடையில் அந்த ஈடுசெய்யும் பொருள் போதிய அளவு இல்லை. எலும்போடு வாங்கினால் சாறும் திடமாகும். தோளும் கழுத்தும் கலந்து ஒன்றரை கிலோ எடுத்தால் ஆறு பேருக்குப் போதும். துண்டுகள் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

இரண்டாம் முறை நடந்ததுதான் சுவையான செய்தி. கறியும் காயும் ஒரே சூட்டில் ஒரே விதமாக வேகும் என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் காய்தான் அதிகச் சூட்டைக் கேட்கிறது. காயின் செல்சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் ஏறத்தாழ 85 பாகைக்கு மேல்தான் சொல்லத்தக்க வேகத்தில் தளர்கிறது. கறிக்கு இதமான 80 பாகைச் சாற்றில் கேரட்டைப் போட்டால், அது சூடாகுமே தவிர மெத்தென்று ஆகாது. அதற்கும் மேலாக நீங்கள் தக்காளியையும் ஒயினையும் சேர்த்திருக்கிறீர்கள். புளிப்பு பெக்டினைக் கரையவிடாமல் பிடித்துவைக்கும். எனவே உங்கள் கிழங்கு இரண்டு வகையில் கட்டுண்டு கிடந்திருக்கிறது, அதன்மேல் குற்றமில்லை.

வதக்குவதைப் பற்றியும் ஒரு சொல். 'லேசாக வதக்கி' என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதாது. கறியின் மேற்பரப்பு உலர்ந்து சுமார் 140 பாகையை எட்டினால்தான் பழுப்பும் வறுவல் மணமும் விரைவாக உண்டாகும். ஈரம் இருக்கும்வரை அது 100 பாகையைத் தாண்டாது. கறியைத் துணியால் நன்றாக ஒற்றியெடுத்து, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு, மூன்று நான்கு தடவையாகப் பிரித்து வறுக்க வேண்டும். ஒரு கிலோவையும் ஒன்றாகக் கொட்டினால் கறி தன் சொந்த நீரில் வெந்து சாம்பல் நிறமாகும். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது.

வெண்ணெய்க்கரண்டி எழுதியது:

மெல்லத்தீ அவர்கள் காரணங்களைத் தெளிவாகச் சொல்லிவிட்டதால், நான் செய்முறையை மட்டும் எழுதுகிறேன். கறி ஒரு பாத்திரத்தில், காய் வேறு பாத்திரங்களில். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் இரண்டும் சந்திக்க வேண்டும். இதுவே நான் பலமுறை கெடுத்துக் கற்றுக்கொண்டது.

வறுத்த கறியை அடிகனமான பாத்திரத்தில் சேர்த்து, உப்பிட்டு, ஒரு தேக்கரண்டி சர்க்கரையைத் தூவி, அது கருகாமல் நிறம் மாறும்வரை புரட்டுங்கள். சாற்றுக்கு ஒரு செம்பொன் நிறத்தைத் தருவது அந்தச் சர்க்கரைதான். தட்டில் அது இனிப்பாகத் தெரியாது. அடுத்து 25 கிராம் மைதாவைக் கறியின்மேல் பரவலாகத் தூவி, பச்சை வாசனை போகும்வரை இரண்டு மூன்று நிமிடம் கிளற வேண்டும். உங்கள் சாறு தண்ணீராக நின்றதற்கு இந்தப் படி விடுபட்டதே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன். பிறகு 150 மில்லி வெள்ளை ஒயினை ஊற்றி, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக்கொண்டே பாதியாக வற்றவிடுங்கள். தக்காளி அரை கிலோ தேவையே இல்லை. ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதோ தோலுரித்த இரண்டு பழங்களோ போதும், ஏனென்றால் இது தக்காளிக் குழம்பு அன்று. நசுக்கிய இரண்டு பூண்டுப் பற்கள், தைம், ஒரு பே இலை, பார்ஸ்லித் தண்டு ஆகியவற்றைச் சேர்த்து, கறி மூழ்கும் அளவுக்கு மட்டும் எலும்புச் சாறோ தண்ணீரோ ஊற்றுங்கள். முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பிடிக்கும். கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, மூடி, 150 பாகை சூட்டிலுள்ள ஓவனில் ஒன்றேகால் மணி நேரம் வைத்தால், அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை. அடுப்பிலேயே செய்வதானால், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி எழும் தீ போதும்.

அந்த நேரத்தில் காய்களைக் கவனிக்கலாம். கேரட், டர்னிப், சின்ன வெங்காயம் ஆகியவற்றைத் தனித்தனியாக, அல்லது அளவு ஒத்திருந்தால் ஒன்றாக, அகன்ற வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், ஒரு கட்டி வெண்ணெய், ஒரு சிட்டிகை சர்க்கரை, உப்பு சேர்த்து, வெண்ணெய்த்தாளை வட்டமாக வெட்டி நடுவில் சிறு துளையிட்டு மேலே படியும்படி மூடிவிடுங்கள். தண்ணீர் வற்றி வெண்ணெயும் சர்க்கரையும் பாகாகிக் காயின்மேல் பளபளவென்று படியும் நேரத்தில் காயும் வெந்திருக்கும். இந்தப் பளபளப்புக்காகவே நான் இந்த உணவைச் செய்கிறேன் என்றுகூடச் சொல்வேன். உருளைக்கிழங்கைத் தனியே உப்பு நீரில் வேகவைத்துக்கொள்ளலாம். மாவாக உதிரும் வகை வேண்டாம், மெழுகுபோல் இறுக்கமாக நிற்கும் புதுக்கிழங்கே வேண்டும்.

பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் வழி வேறு. ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் உப்பிட்ட, தளதளவென்று கொதிக்கும் நீரில் பட்டாணியை இரண்டு மூன்று நிமிடமும், பீன்ஸை நான்கு ஐந்து நிமிடமும் மூடாமல் வேகவைத்து, உடனே பனிக்கட்டி நீரில் போட்டு வடித்துக்கொள்ளுங்கள். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் சூட்டிலும் புளிப்பிலும் வெளியேறிவிடுவதால்தான் நீங்கள் கண்ட அந்தப் பழுப்புப் பச்சை வருகிறது. நேரம் ஆக ஆக அது கூடும்; ஆகவே பச்சைக் காய்கள் சாற்றில் இருக்க வேண்டியது சூடேறும் அளவுக்கு மட்டுமே.

கறி வெந்ததும் துண்டுகளை எடுத்துவைத்து, சாற்றை வடிகட்டி, பத்து நிமிடம் அசையாமல் விட்டால் கொழுப்பு மேலே ஏறிவிடும்; அதைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். இன்னும் நீர்த்திருந்தால், கறி இல்லாமல் சாற்றை மட்டும் கொதிக்கவிட்டு வற்றச் செய்யுங்கள். பின்னர் கறி, வெண்ணெயில் வெந்த காய்கள், கிழங்கு ஆகியவற்றைச் சேர்த்து மெல்லிய தீயில் பத்து நிமிடம். பட்டாணியும் பீன்ஸும் கடைசி இரண்டு நிமிடம்.

ஒருசட்டி எழுதியது:

இருவருக்கும் மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. நான்கு பாத்திரங்களைக் கழுவ ஆளுள்ள உணவகத்துக்குப் பொருந்தும் முறையை வீட்டுச் சமையலுக்கும் கட்டாயமாக்க வேண்டியதில்லை. காய் தனியாக வெந்தால் அழகாக இருக்கும், ஆனால் கறியின் சாறு அதனுள் இறங்காது. கிழங்கை உடைத்தால் உள்ளே வெறும் கிழங்காகவே இருக்கும். நான் ஒரே பாத்திரத்தில்தான் செய்கிறேன். கறி ஐம்பது நிமிடம் வெந்ததும் கொழுப்பை எடுத்துவிட்டு, தீயைச் சற்றுக் கூட்டி, முழுக் கிழங்கையும் கேரட்டையும் சேர்க்கிறேன். பதினைந்து நிமிடம் கழித்து டர்னிப்பும் வெங்காயமும். அவை மெத்தென்று ஆனதும் பட்டாணி. தக்காளியை அறவே விட்டுவிடுவதால் கிழங்கு தகராறு செய்வதில்லை. பச்சைப் பட்டாணி பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடுவதால், அன்று உரித்தது கிடைக்காவிட்டால் உறைய வைத்ததையே நேரடியாகப் போடுகிறேன், அது நன்றாகவே இருக்கிறது. பட்டாணியின் நிறம் சற்று மங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தொடர்புடைய ஒரு செய்தி. 'நவாரின்' என்ற இந்தப் பெயர் 1827ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா ஆகியவற்றின் கூட்டுக் கடற்படை ஒட்டோமான், எகிப்தியக் கப்பல்களை வென்ற நவாரினோ போரிலிருந்து வந்ததாகச் சிலர் சொல்வார்கள். டர்னிப்புக்குப் பிரெஞ்சில் 'நவே' என்று பெயர். பெயர் அதிலிருந்து வந்தது என்பதே எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. எந்தக் காயை விட்டாலும் டர்னிப்பை விட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வெண்ணெய்க்கரண்டி எழுதியது:

ஒருசட்டி அவர்கள் சொல்வதில் கிழங்கைப் பற்றிய பகுதியை ஏற்கிறேன். இனி அதை அரைவேக்காட்டில் எடுத்து மீதியைக் கறிச்சாற்றில் முடிப்பேன். கேரட்டையும் டர்னிப்பையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

புதுச்சட்டி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று தோளும் கழுத்தும் வாங்கி, கறிக்கு வெண்ணெய்க்கரண்டி அவர்கள் சொன்ன வழியையும், கிழங்குக்கு அரைவேக்காட்டு வழியையும் பின்பற்றினேன். நான்கு தடவையாகக் கறியை வறுத்தபோதுதான் முன்பு நான் செய்தது வதக்கலே இல்லை என்று புரிந்தது. சாறு கரண்டியின் பின்புறம் படியும் அளவுக்குக் கெட்டியாக வந்தது. கிழங்கு எதிர்ப்பில்லாமல் வெந்தது. பட்டாணி பச்சையாகவே இருந்தது. ஒரே குறை, டர்னிப்பில் மெல்லிய கசப்பு தங்கிவிட்டது. இதைச் செய்த அன்றே பரிமாற வேண்டுமா, முந்தைய நாளே செய்து வைக்கலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மெல்லத்தீ எழுதியது:

டர்னிப் முற்றியதாக இருந்திருக்கும். எலுமிச்சை அளவுக்கு மேல் பெரிதாக இல்லாததை வாங்கி, தோலைத் தாராளமாகச் சீவுங்கள், தோலடியில் நார் அதிகம். பெரியதுதான் கிடைத்தது என்றால், துண்டுகளாக்கிக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு வெண்ணெயில் வேகவையுங்கள்.

கறியை முந்தைய நாளே செய்து வைப்பதைத்தான் நான் விரும்புகிறேன். வெந்ததும் ஆழமில்லாத பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், அப்படியே பெயர்த்து எடுத்துவிடலாம். ஆட்டுவாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் இருப்பதால், அது பிடிக்காதவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வழி மிகவும் உதவும். சாறு கட்டியாக உறைந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம், கழுத்திலிருந்து வந்த ஜெலட்டின் அது. மெல்லச் சூடாக்கி, நடுவரை 75 பாகை எட்டவிட்டுப் பரிமாறுங்கள். காய்களை மட்டும் அன்றன்றே செய்யுங்கள்.