பக் பிடிக்கப் போன கதைகள்

நிரல் எழுதத் தெரியாதவனுக்குத் திறமூல மென்பொருளில் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) என்ன வேலை என்றுதான் நானும் இருந்தேன். கணக்கு எழுதுவது என் தொழில். தினமும் பயன்படுத்துகிற ஒரு திறமூல எழுத்துச் செயலியில் ஒருநாள் 'கொடுக்கல்' என்று தேடினேன். கண்ணெதிரே மூன்று இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது, செயலியோ எதுவுமே கிடைக்கவில்லை என்கிறது. வந்த கடுப்பில், அதை உருவாக்குபவர்களுடைய பக்ஸில்லாவில் (பக், அதாவது மென்பொருள் கோளாறுகளைப் பதிவுசெய்யும் தளம்) கணக்குத் தொடங்கி, "தமிழில் தேடல் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்" என்று ஒற்றை வரியில் போட்டுவிட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், அந்தக் கோப்பை இணைக்க முடியுமா? கேட்டவருக்குத் தமிழே தெரியாது. ஆனாலும் நான் எழுதிய சொல்லை நகலெடுத்துத் தேடி, கிடைக்கிறது என்று ஸ்க்ரீன்ஷாட் போட்டிருந்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

சரி என்று உட்கார்ந்தேன். புதிய கோப்பில் அந்தச் சொல்லைத் தட்டினால் தேடலில் வருகிறது. பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் வரவில்லை. அப்படியானால் இரண்டு 'கொ'வும் ஒன்றல்ல! ஒருங்குறியில் (யூனிகோடு) அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் சமம் என்பதுதான் ஒருங்குறியின் விதி, தேடல் அதைக் கவனிக்கவில்லை. இரண்டே வரி உள்ள ஒரு கோப்பை இணைத்து, என்ன செய்தேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று திருப்பி எழுதினேன். அன்று மாலையே இன்னொருவர் "எனக்கும் இப்படித்தான்" என்று உறுதிசெய்துவிட்டார். சரியாகிக் கைக்கு வர ஏழு மாதம் ஆனது, அது வேறு கதை.

*

புதிதாக வருபவர்கள் தாங்களே பக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அலைகிறார்கள். நான் அடுத்தவர் போட்டதிலிருந்து தொடங்கினேன், அதைத்தான் சிபாரிசும் செய்வேன். லிப்ரெஓபிஸ் என்ற திறமூல அலுவலகத் தொகுப்பில் பொதுவாகப் புதிய ரிப்போர்ட் 'அன்கன்ஃபர்ம்ட்' (உறுதியாகாதது) என்ற நிலையில்தான் நிற்கும். வேறு யாராவது அதே படிகளைச் செய்து அதே கோளாறைப் பார்த்தால்தான் 'நியூ' ஆகும். அந்த வேறு யாராவதாக இருக்க ஒரு கணினியும் அரைமணி நேரமும் போதும்.

நான் முதலில் செய்வது, ஹெல்ப் மெனுவில் இருக்கிற சேஃப் மோடில் திறந்து பார்ப்பது. அங்கே கோளாறு காணாமல் போனால் பெரும்பாலும் ப்ரொஃபைலிலோ (பயனரின் அமைப்புகள் இருக்கும் கோப்புறை) கூடுதலாக நிறுவிய நீட்சியிலோதான் சிக்கல். எனக்கு வரவில்லை என்றால் அதையும் பதிப்பு எண்ணோடு எழுதிவிடுவேன். அதுவும் தகவல்தான்.

*

நான் சூடுபட்ட கதை. ஒரு மின்னஞ்சல் மென்பொருளின் பீட்டாவை (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) ஆர்வத்தில் நிறுவினேன். அது என் பழைய ப்ரொஃபைலையே திறந்து, உள்ளே இருந்ததைப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிட்டது. அப்புறம் பழைய பதிப்பால் அதைத் திறக்கவே முடியவில்லை. பேக்கப்? அதை ஏன் கேட்கிறீர்கள். இப்போதெல்லாம் சோதனைக்கு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி), இல்லாவிட்டால் தனி ப்ரொஃபைல்.

"போன மாதம் வரை ஒழுங்காக இருந்தது, இப்போது இல்லை" என்கிற வகை பக் கிடைத்தால் விடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸுக்கு மோஸ்ரெக்ரெஷன் என்று ஒரு கருவி இருக்கிறது. நன்றாக இருந்த தேதி, கெட்டுப்போன தேதி இரண்டையும் கொடுத்தால், நடுவில் உள்ள ஒரு நைட்லியை (தினமும் வெளியாகும் சோதனைப் பதிப்பு) இறக்கித் திறந்து காட்டி, நல்லதா கெட்டதா என்று கேட்கும். பதில் சொல்லச் சொல்ல இடைவெளி பாதி பாதியாகக் குறையும். ஒரு வருட இடைவெளியைக்கூட ஏறக்குறைய 9 கேள்விகளில் ஒரே நாளுக்குக் கொண்டுவந்துவிடலாம். எந்த மாற்றம் கெடுத்தது என்று தெரிந்தால் டெவலப்பருக்கு தேடுகிற வேலை மிச்சம். ஒரு வரி நிரல் தெரியாமல் இதைச் செய்திருக்கிறேன்.

*

இதைப் படித்த ஒருவர் கேட்டது: எல்லாம் சரி, நான் போட்ட ரிப்போர்ட்டை எட்டு மாதமாக ஒருவரும் சீந்தவில்லையே. என்ன செய்வது?

*

மேலே உள்ள கதைகளை எழுதியவன்தான் பதில் சொல்கிறேன். புதிய பதிப்பு வந்ததும் அதே படிகளை மறுபடி செய்து பாருங்கள். இன்னும் இருந்தால் பதிப்பு எண்ணோடு ஒரு வரி சேருங்கள். போயிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், 'வொர்க்ஸ்ஃபார்மீ' (எனக்கு வேலை செய்கிறது) என்று மூடிவிடுவார்கள். "ஏன் இன்னும் சரிசெய்யவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். என் தேடல் பக் சரியாக எடுத்த அந்த ஏழு மாதத்தில் நான் இரண்டு முறை கேட்டேன். அழிக்க வழியில்லை, என் பெயரோடு இன்னும் அங்கேயே கிடக்கிறது.