ஸ்டீமில் ரீபண்ட் எடுத்தால் காசு முழுசாக வருமா?

கல்லடி லப்டொப்காரன்:
கிராபிக்ஸ் காட் பெரிதாக ஒன்றுமில்லாத லப்டொப். கணினிக் கேம் விற்கிற இணையக் கடையான ஸ்டீமில் கண் வைத்திருக்கிற கேம் 60 ஜிபிக்கு மேல், விலை 30 டொலர், சும்மா ஓட்டிப் பார்க்க டெமோவும் இல்லை. வாங்கிப் பார், ஓடாவிட்டால் ரீபண்ட் போடு என்று கூட்டாளிமார் லேசாகச் சொல்கிறார்கள். உண்மையாகவே திரும்ப வருமா, இல்லை இலங்கைக் காட் என்றால் இழுத்தடிப்பார்களா? அம்மாவின் வங்கிக் காட், அதுதான் யோசனை.

களுவாஞ்சிகுடி:
வரும் மச்சான். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணித்தியாலத்துக்குக் குறைவு என்றால் பெரிதாகக் காரணம் கேட்க மாட்டார்கள், 2015இல் இருந்து இதுதான் விதி. ஆனால் காசு எங்கே வருகிறது என்று பார். ஸ்டீம் வொலட்டுக்கு (ஸ்டீமுக்குள் மட்டும் செலவழிக்கிற கணக்கு) எடுத்தால் டொலர் டொலராகவே நிற்கும், மறுகா வேறு கேம் எடுக்கலாம். காட்டுக்கே போடச் சொன்னால் வங்கி வெட்டும்போது ஒரு ரேட், திருப்பும்போது இன்னொரு ரேட், ரூபாவில் கொஞ்சம் கடிபடும். டேட்டாவுக்கு ரீபண்ட் இல்லை என்பதையும் மறக்காதே, 60 ஜிபி இறக்கினால் மாதக் கோட்டாவில் பாதி போயிரும்.

அக்கரைப்பற்று:
அந்த 2 மணித்தியாலம் கேம் திறந்த நிமிசத்திலிருந்தே ஓடும். மெனு, கதை வீடியோ, முதல் தடவை ஷேடர் (படம் வரைகிற சின்ன நிரல்கள்) ஏற்றிக்கொண்டு நிற்கிற நேரம், எல்லாம் கணக்கு. நிறுத்தி வைத்துவிட்டுச் சோறு தின்னப் போனாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் கதைக்குள் இறங்காமல் நேரே செட்டிங்ஸுக்குப் போய் எல்லாவற்றையும் லோவில் வை, ஸ்டீமிலேயே எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை படம்) காட்டுகிற வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு ஆட்கள் கூட்டமாக நிற்கிற இடத்துக்கு ஓடு. தொடக்க அறைக்குள் 60 காட்டும், சந்தைக்குள் இறங்கினால் 20 ஆகும், தீர்ப்பு அங்கேதான். அதே கேம் ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடையில் இருந்தால் இன்னும் நல்லது, அங்கே 30 நாள், விளையாடியிருந்தாலும் கேட்கலாம். பிளேஸ்டேஷன் நேர் எதிர், டவுன்லோட் தொடங்கினாலே பொதுவாகக் கதை முடிந்தது.

காத்தான்குடி நானா:
எல்லாம் சரி, ஆனால் ரீபண்டை வாடகைக் கடை மாதிரிப் பாவிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை. 2021இல் ‘சம்மர் ஒஃப் 58’ என்ற சின்னப் பேய்க் கேமைச் செய்தவர், 2 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதால் முடித்துவிட்டே ரீபண்ட் கேட்கிறார்கள் என்று சொல்லி கேம் செய்வதையே காலவரையின்றி நிறுத்தினார். டெமோ இருந்தால் டெமோவைப் பாருங்கள். நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று பெப்ரவரி, ஜூன், ஒக்டோபரில் ஸ்டீம் நடத்துகிறது, வரப்போகிற கேம்களின் டெமோ கொட்டிக் கிடக்கும், பலது சின்னச் சைஸ்தான்.

கல்லடி லப்டொப்காரன்:
நானா, 60 ஜிபி கேமை 2 மணித்தியாலத்தில் முடிக்க என்னால் ஏலாது :) அம்மாவிடம் வொலட் கதையைச் சொன்னேன், “அப்ப அது என்ர காசு இல்லையே” என்கிறா. காட்டுக்கே எடுப்பம். இன்னொரு கேள்வி, வாங்கிய கையோடு சேல் வந்தால்?

களுவாஞ்சிகுடி:
அந்த 14 நாள், 2 மணித்தியாலத்துக்குள் என்றால் ரீபண்ட் போட்டுவிட்டு சேல் விலைக்குத் திரும்ப வாங்கலாம். அதைத் துஷ்பிரயோகமாக எடுக்க மாட்டோம் என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் காட்டுக்குப் போட்டால் காசு வந்து சேர ஒரு கிழமையோ கூடவோ ஆகலாம், அதற்குள் சேல் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்.