பழைய ஆஸ்டின்: இது கம்பெனி பெயிண்டா?

கும்பகோணத்திலிருந்து: தாத்தாவின் 1936 ஆஸ்டின் செவன் கார். கதவோரம் ஓடும் மெல்லிய மஞ்சள் கோடு கம்பெனியில் போட்டதா, பிறகு யாரோ இழுத்ததா? பெயிண்டர் மொத்தமாகச் சுரண்டிவிடலாம் என்கிறார், எனக்கு மனசு வரவில்லை.

மயிலாடுதுறை: சுரண்ட விடாதீர்கள்! மறைவான இடத்தில் தின்னர் தொட்ட துணியால் தேயுங்கள், நிறம் கரைந்து துணியில் ஏறினால் செல்லுலோஸ் பெயிண்ட், அந்தக் காலத்தில் கம்பெனியில் அடித்த வகை. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, பட்டறைகளிலும் பல வருஷம் அதைத்தான் அடித்தார்கள். டேஷ்போர்டுக்கு அடியில், சீட்டுக்குக் கீழே, கதவுக் கீல் மறைவில் என்ன நிறம் என்று பாருங்கள், மறு பெயிண்ட் அடித்தாலும் அங்கே பழைய நிறம் மிஞ்சியிருக்கலாம்.

தஞ்சாவூர்: நீள மயிர் பிரஷால் கையில் இழுத்த கோடு என்றால் அகலம் லேசாக மாறும். டேப் ஒட்டி அடித்ததில் ஓரம் ஒரே சீராக இருக்கும். அப்புறம், டச்சப் செய்வதானால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வேண்டாம், செல்லுலோஸ் வெள்ளை பூத்துவிடும்.