மறு: பொடி கொம்பொசிஷனுக்கு (body composition) ‘உடலமைப்பு’ போதுமா?

அன்பின் நண்பர்களுக்கு,

‘பொடி கொம்பொசிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் வாசித்தேன். பலரும் ‘உடலமைப்பு’ பக்கம்தான் நிற்கிறீர்கள். பழகிய சொல், புதிதாக விளக்கத் தேவையில்லை என்ற நியாயம் சரிதான். ஆனால் திருகோணமலையில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு நாங்கள் எழுதும் கையேட்டில் அது சரிவராது. ‘நல்ல உடலமைப்பு’ என்றால் இங்கே ஜிம்முக்குப் போய் நெஞ்சை நிமிர்த்தி வரும் பெடியன்தான். நாங்கள் சொல்ல வந்தது வெளியே தெரியாத கணக்கு: அந்த உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு.

தண்ணீர் பற்றிய பாடத்தில்தான் இந்தச் சொல் வருகிறது என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்துப் பின்னேரம் மக்கெய்சர் மைதானத்தில் பந்தடித்துவிட்டு வரும் ஒருவனைத் தராசில் ஏற்றுங்கள். வியர்வையில் ஒரு கிலோ போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு லீற்றர் போத்தலை மடமடவென்று குடித்துவிட்டு உடனே திரும்ப ஏறினால் அந்தக் கிலோ அப்படியே வந்து நிற்கும். முள் இரண்டு தரம் ஆடிவிட்டது, கொழுப்பு அநேகமாக இருந்தபடியே இருக்கிறது. இதை ‘உடலமைப்பு மாறியது’ என்று எப்படி எழுதுவது? மாறியது நீரின் பங்கு மட்டும்.

ஜிம்களில் வைத்திருக்கும் கொழுப்பு வீதம் காட்டும் தராசு இன்னும் மோசம். அது கொழுப்பை நேரே அளப்பதில்லை. உடம்புக்குள் மெல்லிய மின்னோட்டத்தை விட்டு, எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கிறது. கொழுப்பு நீங்கலான உடம்பில் ஏறத்தாழ 73 வீதம் நீர், அதனால் அது மின்னைக் கடத்தும். கொழுப்பு இழையத்தில் நீர் குறைவு, தடை கூட. தாகத்தோடு ஏறும் பிள்ளையின் உடம்பில் நீர் குறைந்திருப்பதால் தடை ஏறும், இயந்திரமோ அதைக் கொழுப்பின் கணக்கில் எழுதிவிடும்.

‘உடற்கூறு’ என்ற யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். எங்கள் பத்திரிகைகளில் உடற்கூற்றுப் பரிசோதனை என்றால் பிரேதப் பரிசோதனை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாமே.

எனக்குச் சரியாகப் படுவது ‘உடலியைபு’. வேதியியலில் ஒரு பொருளில் எது எது எந்த அளவில் சேர்ந்திருக்கிறது என்பதற்கு ‘இயைபு’ ஏற்கெனவே தமிழ்நாட்டுப் பாடநூல்களில் புழங்குகிறது. செய்யுள் அடிகளின் இறுதி ஒத்து வரும் இயைபுத் தொடை ஞாபகம் வரும் என்று சென்னை ஐயா எழுதியிருந்தார். வரட்டும், தமிழ்ப் பாடமும் அதே பிள்ளைகளுக்குத்தானே!

இன்னொன்று, இரண்டு கரைக்கும் பொதுவாக எழுதுவோர் கவனிக்க வேண்டியது. இலங்கைப் பாடநூலில் திணிவு என்பது தமிழ்நாட்டில் நிறை. இலங்கையில் நிறை என்பது அங்கே எடை. பி.எம்.ஐ.யை நாங்கள் ‘உடற்திணிவுச் சுட்டி’ என்கிறோம், நீங்கள் ‘உடல் நிறை குறியீட்டெண்’ என்கிறீர்கள். எங்கள் கையேட்டில் திணிவு, நிறை என்றே இருக்கும். மாற்றச் சொல்லாதீர்கள், பரீட்சையில் புள்ளி போய்விடும்.

‘நீர் அருந்தல்’ என்பதிலும் ஒரு வில்லங்கம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் 14 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு நாளுக்கு 2.5 லீற்றர், பெண்களுக்கு 2 லீற்றர் என்று சொன்னது உணவில் உள்ள நீரையும் சேர்த்துத்தான். சோறு, சொதி, வத்தகப்பழம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே மொத்தத்துக்கு ‘நீர் உள்ளெடுப்பு’, குடிப்பதற்கு மட்டும் ‘அருந்தல்’ என்று பிரிப்போம். அந்த அளவு மிதமான வெப்பநிலைக்குச் சொன்னது என்பதையும் அடியில் போட வேண்டும். எங்கள் ஊர் வெயில் அந்தக் கணக்கில் இல்லை.

தண்ணீர் குடித்தால் மெலியலாமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நிறை கூடியவர்களே மற்றவர்களைவிட அதிகம் தண்ணீர் குடிப்பதாகச் சில ஆய்வுகளில் வரும். பெரிய உடம்புக்கு நீர் அதிகம் தேவை, மெலிய நினைப்பவர்களும் வேண்டுமென்றே குடிப்பார்கள். அதை வைத்துத் தண்ணீர் பருமனாக்கும் என்று எழுதிவிட முடியாது. ஜேர்மனியில் டோர்ட்முண்ட், எஸ்சன் நகரத் தொடக்கப் பாடசாலைகளில் குடிநீர்க் குழாய் வைத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. மிகைநிறை வரும் ஆபத்து 31 வீதம் குறைந்தது, ஆனால் திணிவுச் சுட்டியின் மாற்றத்தில் குழாய் வைத்த பாடசாலைகளுக்கும் வைக்காதவற்றுக்கும் வேறுபாடு இல்லை. அவர்கள் பதின்ம வயதினரும் அல்ல. அதனால் பெட்டிச் செய்தியாகப் போட்டால் போதும். எனக்கு முக்கியமாகப் படுவது சோடாவின் இடத்தில் தண்ணீர் வருவதுதான். 2016 முதல் எங்கள் கடைப் போத்தல்களில் சிவப்புக் குறி என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராமைத் தாண்டும்.

மறுப்பு இல்லையென்றால் ‘உடலியைபு’ அச்சுக்குப் போகிறது. கொழுப்பு நீங்கலான பகுதிக்கு ‘கொழுப்பிலாத் திணிவு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். வகுப்பில் வாசித்தவுடன் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பது தெரியும். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.