நியூ ஜெர்சியில் படிக்கப்போகும் மகள்: அஞ்ச வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ் அம்மா:
என் மகள் மேற்படிப்புக்காக கோலாலம்பூரிலிருந்து நியூ ஜெர்சிக்குச் செல்கிறாள். ஆசியர்கள் அங்கே தாக்கப்படுவதாகப் படித்ததிலிருந்து மனம் அமைதியாக இல்லை. இந்தியர்களுக்கும் அந்த நிலை உண்டா?

பினாங்கு வாசகர்:
உண்டு, அம்மா. 1987இல் அதே மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில், நெற்றிப் பொட்டைக் கேலி செய்து தனக்குப் பெயர் சூட்டிக்கொண்ட ஒரு கும்பல் இந்தியர்களைக் குறிவைத்துத் தாக்கியது. 2001 செப்டம்பருக்குப் பிறகு, தலைப்பாகை அணிந்த சீக்கியர்கள் முஸ்லிம்கள் என்று கருதப்பட்டுத் தாக்கப்பட்டனர். (முஸ்லிம்களைத் தாக்கலாமா என்ன?)

செந்தூல்காரன்:
2021 மார்ச்சில் அட்லாண்டா பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்ட 8 பேரில் 6 பேர் ஆசியப் பெண்கள். வெறுப்புக் குற்றப் புகார்களை விரைந்து ஆராய்வதற்கான சட்டம் அவ்வாண்டு மே மாதமே வந்தது. ஆகவே, புகாரளிக்கத் தயங்க வேண்டாமென்று மகளிடம் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அம்மா:
சொல்கிறேன், ஐயா. இங்கே வாடகை வீடு தேடியபோது ‘இந்தியர் வேண்டாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தவள்தான் அவள்.